காலியாக இருந்தால் ஆடு எங்கே மேய்கிறது?

2025 மே 1 கிராம சபையில், எல்லாரும் எழுந்துபோகிற நேரமாகப் பார்த்து ஒரு தீர்மானம் வந்தது. தேர்ந்தெடுத்த தலைவர் இல்லாத ஊராட்சியைப் பார்த்துக்கொள்ள அரசு போட்ட தனி அலுவலர் வரவில்லை, அவருக்கு அன்றைக்கு எத்தனை ஊரோ. ஊராட்சிச் செயலர்தான் மளமளவென்று வாசித்துக்கொண்டிருந்தார். குடிநீர், தெருவிளக்கு, வரவு செலவு, அப்புறம் "ஊருக்கு மேற்கே உள்ள காலி நிலத்தில் நாலரை ஏக்கரைக் கிடங்கு கட்ட ஒப்படைப்பதில் ஆட்சேபணை இல்லை" என்று ஒரு வரி. வந்தவர்களில் பாதிப்பேர் நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கக் கிளம்பியிருந்தார்கள். கிராம சபையில் கையெழுத்து முதலில், பேச்சு பிறகு. பழகிவிட்டது.

கடைசியில் உட்கார்ந்திருந்த எங்கள் தெரு அப்பத்தா ஒருவர் எழுந்து கேட்டார்: "ஏப்பா, அது காலியா இருந்தா எங்க ஆடு எங்கப்பா மேயுது?"

எல்லாரும் சிரித்தார்கள். செயலரும் சிரித்தார். "ரெக்கார்டுல அப்படித்தான் இருக்கு அப்பத்தா" என்றார்.

ரெக்கார்டில் அப்படி இல்லை. அங்கேயே போனில் புல எண்ணைப் போட்டு, எந்த நிலம் என்ன வகை என்று சொல்லும் 'அ' பதிவேட்டைப் பார்த்தேன். அரசு இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், காசு கிடையாது. 'மேய்க்கால் புறம்போக்கு', அதாவது ஆடுமாடு மேய்வதற்கான பொதுநிலம் என்று தெளிவாக இருந்தது. மேய்க்கால் எப்படிக் காலி ஆனது என்பதுதான் அன்றிலிருந்து என்னைக் குடைந்துகொண்டிருக்கிறது.

சட்டத்தை எடுத்துப் பார்த்தால் ஊராட்சிக்கு ஒன்றும் குறைவில்லை. 1994-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி மேய்ச்சல் நிலம், களம், சுடுகாடு, இடுகாடு, மாட்டு மந்தை, வண்டிப்பேட்டை, தோப்பு ஆகிய புறம்போக்குகள் கிராம ஊராட்சியிடம் ஒப்படைக்கப்பட்டவை. அவற்றை யார் எப்படிப் பயன்படுத்தலாம் என்று ஒழுங்குபடுத்தும் அதிகாரமும் ஊராட்சிக்குத்தான். ஆனால் அதே சட்டத்தில் இன்னொரு கதவும் இருக்கிறது. ஊராட்சியைக் கலந்துகொண்டு, எந்தப் புறம்போக்கையும் இந்தப் பட்டியலிலிருந்து கலெக்டர் வெளியே எடுக்கலாம். கலந்துகொள்வது என்றால் நடைமுறையில் ஒரு தீர்மான நகல். அந்த நகலுக்காகத்தான் அன்றைக்கு அந்த அவசரம்.

சரி, ஊராட்சி அலுவலகத்துக்குப் போய் "நமக்குச் சொந்தமான நிலத்தின் வரைபடத்தைக் காட்டுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். நான் கேட்டேன். பீரோவைத் திறந்து வீட்டு வரி ரசீதுக் கட்டு, பழைய வாக்காளர் பட்டியல், துருப்பிடித்த தண்ணீர்க் குழாய் வால்வு ஒன்று, எல்லாவற்றையும் காட்டினார்கள். வரைபடம் இல்லை. அது வி.ஏ.ஓ.விடம் இருக்கிறது. அவர் வருவாய்த் துறை, ஊராட்சிக்குப் பதில் சொல்ல வேண்டியவர் இல்லை. எல்லைக்கல் எங்கே என்று தெரிய சர்வேயர் வரவேண்டும், அவரும் அந்தப் பக்கத்து ஆள். நிலம் ஒரு வீட்டுக்கு, பத்திரம் இன்னொரு வீட்டுப் பெட்டியில் என்கிற கதைதான்.

கண்மாய் இதைவிட மோசம். ஆயக்கட்டு, அதாவது அதில் பாசனம் பெறும் பரப்பு, 100 ஏக்கருக்குக் குறைவாக இருந்தால் பொதுவாக அது ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு, மேலே போனால் நீர்வளத் துறை. கண்மாய்க்குள் சமூகக் காடு திட்டத்தில் வைத்த கருவேல மரம் வனத்துறைக் கணக்கு. மண் எடுக்க வேண்டுமென்றால் கனிமவளத்துக்கு ஒரு கடுதாசி. மீன்பாசிக்குத் தனி ஏலம். மடை உடைந்தால் மட்டும் ஊரார் போய் மண்மூட்டை அடுக்க வேண்டும்.

இதையெல்லாம் சொல்வதற்கு முன்னால் என் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஊர்க்காரர் யாராவது கமெண்டில் வந்து சொல்வார்கள். எங்கள் புஞ்சை அந்த மேய்க்காலை ஒட்டித்தான் இருக்கிறது. நடுவில் ஒரு வரப்பு. என் தாத்தா காலத்திலிருந்து ஒவ்வொரு உழவிலும் அந்த வரப்பு ஒரு சால் மேற்கே நகரும். யாரும் திட்டம் போட்டுச் செய்ததில்லை. கலப்பை திரும்புகிற இடத்தில் கொஞ்சம் தாராளமாகத் திரும்பும், அவ்வளவுதான். 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி எங்களுக்கு வருடா வருடம் பி மெமோ என்ற ஆக்கிரமிப்பு நோட்டீஸ் வரும், அபராதம் கட்டுவோம். அந்த ரசீதுகளை அப்பா டிரங்குப் பெட்டியில், கல்யாணப் பத்திரிகைகளுக்கு அடியில், ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தார். குற்றத்துக்குக் கட்டிய அபராத ரசீது, எங்கள் வீட்டில் அது அனுபோக ஆவணம்! என்றைக்காவது பட்டா கிடைக்கும்போது காட்ட வேண்டுமாம். இன்னொன்றும் எனக்குத் தெரியும். எங்கள் தெருக்காரர் வரப்பை நகர்த்தினால் ஊர் அதற்கு வைக்கும் பெயர் அனுபோகம். அதே இடத்தின் மறுகோடியில் காலனியிலிருந்து வந்து இரண்டு குடும்பம் குடிசை போட்டபோது அது ஆக்கிரமிப்பாகிவிட்டது, ஒரே வாரத்தில் ஜேசிபி வந்தது. எங்கள் வரப்புக்கு இன்றுவரை எந்த வண்டியும் வரவில்லை.

ஆகவே "ஊராட்சியிடம் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்று நான் சொல்ல வரவில்லை. ஊராட்சி என்றால் ஊர், ஊர் என்றால் என்ன என்று தெரியும். பஞ்சாபில் ஊர்ப் பொதுநிலம் குறித்து 1961-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. சாகுபடிக்கு ஏற்ற பொதுநிலத்தைப் பஞ்சாயத்து வருடா வருடம் ஏலத்தில் குத்தகைக்கு விடும். அதில் மூன்றில் ஒரு பங்கு பட்டியல் சாதியினருக்கு. கேட்க நன்றாக இருக்கிறது. நிலக்காரர்கள் தங்கள் பண்ணையாளின் பெயரில் ஏலம் எடுத்துத் தாங்களே உழுதார்கள். பிறகு சங்ரூர் பக்கம் தலித் குடும்பங்கள் ஒன்றாகச் சேர்ந்து பணம் போட்டு ஏலம் கேட்கத் தொடங்கியபோதுதான், அடிதடிக்கும் வழக்குக்கும் நடுவில், சில ஊர்களில் அந்தப் பங்கு உண்மையிலேயே கைக்கு வந்தது.

எங்கள் மேற்கு மேய்க்காலுக்கு வருகிறேன். பார்க்கிறவனுக்கு அது பொட்டல். சித்திரையில் போனால் செம்மண்ணும் சரளைக்கல்லும்தான், நடுநடுவே வெள்வேல், ஓரத்தில் ஆவாரை. ஐப்பசி மழை இரண்டு விழட்டும், பிறகு வாருங்கள். முழங்கால் உயரத்துக்குக் கொழுக்கட்டைப் புல் நிற்கும். மார்கழி, தை மாதங்களில் அந்தப் புல்லுக்குமேல் தாழ்வாகப் பறந்துகொண்டே இரை தேடும் பூனைப்பருந்துகளைப் பார்க்கலாம். மத்திய ஆசியாப் பக்கமிருந்து வலசை வருபவை. ராத்திரி மரத்தில் அடையாது, புல்லுக்குள் தரையில்தான் படுக்கும். கௌதாரி, ஆள்காட்டி, வானம்பாடி எல்லாம் தரையில் முட்டையிடுகிறவை. மரம் இல்லாத இடம் அவற்றுக்கு வேண்டும்.

வெள்வேல் நெற்று உதிர்கிற கோடையில், புல் இல்லாத குறையை அதுதான் ஆடுகளுக்குத் தீர்த்து வைக்கிறது. அறுவடை முடிந்ததும் கிடைக்காரர்கள், அதாவது ராத்திரியில் வயலில் ஆட்டை அடைத்து வைக்கிற மந்தைக்காரர்கள், வருவார்கள். பகலில் மந்தை மேய்க்காலில், இரவில் எங்கள் புஞ்சையில் கிடை. விடிந்தால் வயல் முழுக்கப் புழுக்கையும் மூத்திரமும். அந்த வருடம் உர மூட்டை எண்ணிக்கை குறையும். ஆக, மேய்க்காலின் சத்துதான் ஆட்டின் வயிறு வழியாகப் பட்டா நிலத்துக்கு நடந்து வருகிறது. விவசாயத் துறைக் கணக்கில் இது எந்தத் தலைப்பிலும் வராது. நாட்டின் தரிசு நில வரைபடத் தொகுப்பில் புதர் நிலம் முழுக்கத் தரிசுக் கணக்கில்தான் வருகிறது.

தரிசு என்று பெயர் வைத்துவிட்டால் உடனே எதையாவது வைக்க வேண்டும், இல்லையா? ஆறேழு வருடத்துக்கு முன்னால் அந்த இடத்தைப் 'பசுமையாக்க' ஒரு திட்டம் வந்தது. வெள்வேலையும் ஆவாரையையும் பொக்லைன் வைத்துச் சுரண்டி எடுத்துவிட்டு, நூறுநாள் வேலை ஆட்களை வைத்து வரிசையாகக் குழி வெட்டினார்கள். புங்கன், வேம்பு, நாவல். சுற்றிலும் முள்கம்பி, ஆடு உள்ளே விடக்கூடாது என்று ஒரு பலகை. முதல் நாள் போட்டோ எடுத்தார்கள். அந்தக் கோடையில் டிராக்டர் தண்ணீர் நின்றுபோனது, கன்றுகளும் போயின. குழிகள் மட்டும் இருந்தன. புல் மூடிய ஒரு குழியில் விழுந்து அப்பத்தாவின் சினையாடு ஒன்று காலை ஒடித்துக்கொண்டது. மரம் வளர்ப்பதற்கு நான் எதிரி இல்லை. சாலை ஓரம், ஊருணிக் கரை, பள்ளிக்கூடம் எங்கு வேண்டுமானாலும் வையுங்கள். மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 சதவீதம் ஆக்க வேண்டும் என்று இலக்கு இருக்கிறது, தெரியும். புல்லும் பச்சைதான் என்பதை அந்தக் கணக்குக்குள் எப்படிச் சேர்ப்பது என்பதுதான் என் கவலை.

"அப்படியானால் ஆஸ்பத்திரி எங்கே கட்டுவது, வீடில்லாதவனுக்கு எங்கே இடம் கொடுப்பது?" நியாயமான கேள்வி. எங்கள் ஊர் துணை சுகாதார நிலையமே மேய்க்காலில்தான் நிற்கிறது, நான் அங்கேதான் தடுப்பூசி போட்டுக்கொண்டேன். பிரச்சினை, எதற்கெடுத்தாலும் முதலில் கண்ணில் படுவது இதுதான் என்பதில் இருக்கிறது. பட்டா நிலத்தை எடுத்தால் 2013-ஆம் ஆண்டு நிலமெடுப்புச் சட்டப்படி இழப்பீடு தரவேண்டும், பெரும்பாலும் சமூகத் தாக்க மதிப்பீடும் செய்ய வேண்டும், நிலக்காரர் கோர்ட்டுக்குப் போவார். மேய்க்காலுக்கு ஒரு தீர்மானமும் ஒரு வகைப்பாடு மாற்றமும் போதும். அதில் மேய்கிற ஆடு யாருடையது? சொந்தத்தில் ஒரு குழி நிலம்கூட இல்லாதவர்களுடையது. அவர்களில் யாருக்கும் இழப்பீடு என்ற பேச்சே எழாது, காகிதத்தில் அவர்கள் இல்லவே இல்லையே.

2011 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஜக்பால் சிங் வழக்கில் இதுபற்றி நல்ல தீர்ப்பு ஒன்று கொடுத்தது. பஞ்சாபின் பட்டியாலா மாவட்டத்தில் ஒரு ஊர்க்குளத்தைத் தூர்த்து வீடு கட்டியவர்களின் வழக்கு. பணம் கட்டினால் வரன்முறை செய்யலாம் என்ற பேச்சே கூடாது, எல்லா மாநிலங்களும் ஊர்ப் பொதுநிலங்களை மீட்கத் திட்டம் வகுக்க வேண்டும் என்றது. புறம்போக்கு என்ற நம் சொல்லையே அந்தத் தீர்ப்பில் பார்க்கலாம். ஆனால் நிலமற்ற தொழிலாளர்களுக்கோ பட்டியல் சாதியினருக்கோ அரசு குத்தகை கொடுத்திருந்தாலும், ஏற்கெனவே பள்ளிக்கூடம், மருந்தகம் போன்ற பொதுப் பயன்பாடு இருந்தாலும் விதிவிலக்கு உண்டு. முதல் விலக்கு சரி. இரண்டாவதைத்தான் அலுவலகங்கள் இறுகப் பிடித்துக்கொண்டுவிட்டன என்று எனக்குத் தோன்றுகிறது. தனியார் சுரண்டினால் ஆக்கிரமிப்பு, ஒரு துறை வேலி போட்டால் வளர்ச்சி.

ஊராட்சிக்குப் பலம் இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டியைப் பாருங்கள். 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் பகுதியில் ஏறத்தாழ 193 ஹெக்டேரைப் பல்லுயிர் மரபுத் தலமாக அரசு அறிவித்தது. தமிழ்நாட்டில் அதுதான் முதல். 2024-இல் அந்தப் பக்கத்தை டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டபோது அந்த அறிவிப்பு தானாக எழுந்து நின்று எதையும் தடுக்கவில்லை. கிராம சபைத் தீர்மானங்கள், ஊர் ஊராகக் கூட்டம், மேலூரிலிருந்து மதுரைக்கு நடை, சட்டமன்றத் தீர்மானம் என்று எல்லாம் சேர்ந்து, 2025 ஜனவரி 23-ஆம் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. ஆனால் அது மலை, சமணர் படுக்கை, ராஜாளி. எங்கள் ஊர் நாலரை ஏக்கருக்கு யார் நடப்பார்?

தீர்மானம் போடவே ஆள் இல்லாத காலமும் உண்டு. 2016 அக்டோபரிலிருந்து 2019 டிசம்பர் வரை ஊராட்சித் தேர்தலே நடக்கவில்லை. பிறகு வந்தவர்களின் பதவிக்காலம் 28 மாவட்டங்களில் 2025 ஜனவரியில் முடிந்து, திரும்பவும் தனி அலுவலர்கள். பல ஊரைச் சேர்த்துப் பார்க்கிற ஒருவர் நம் மேய்க்காலை எங்கே வந்து பார்ப்பார்?

எனக்குத் தெரிந்த ஒரே வழி பழைய காகிதம் ஒன்றில் இருக்கிறது. 2002-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியும் ஒரு பல்லுயிர் மேலாண்மைக் குழு வைத்து, மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுத வேண்டும். எங்கள் ஊருக்கும் ஒன்று இருக்கிறது, நல்ல பைண்டிங். பிரித்தால், புல் வகைகள் என்ற தலைப்பில் 'அருகம்புல்' என்று ஒரே ஒரு சொல். குழு உறுப்பினர்களில் ஒருவருக்கு, தான் உறுப்பினர் என்று நான் சொல்லித்தான் தெரியும். எழுதியவர்கள் மேற்கே ஒரு நடை போயிருக்கலாம்.

நாங்கள் போனோம், ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை. அப்பத்தா, அவர் பேத்தி, நான், ஒரு நாற்பது பக்க நோட்டு. கொழுக்கட்டைப் புல், செவ்வருகு, மத்தங்காய்ப்புல் என்று அவர் சொல்லிக்கொண்டே போக, பேத்தி எழுதினாள். எந்தப் புல் எந்த மாதம், எது பால்மாட்டுக்கு, எதைத் தின்றால் ஆட்டுக்கு வயிறு ஊதும், எந்தெந்த வீட்டு ஆடு எந்த நேரத்தில் வரும், கிடைக்காரர்கள் எந்த வழியாக இறங்குவார்கள், எல்லாம் அதில் இருக்கிறது. எங்கள் வரப்பு முதலில் எங்கே இருந்தது என்பதையும் அவர் குச்சியால் காட்டினார். அதையும் எழுதச் சொன்னார். பேத்தி என் முகத்தைப் பார்த்தாள். எழுதிக்கொள் என்றேன்.

நோட்டின் நகலை ஆகஸ்ட் 15 கிராம சபையில் கொடுத்தோம். கிடங்குத் தீர்மானம் ரத்தாகவில்லை, 'நிலுவை' என்று போட்டிருக்கிறார்கள். செயலர் பாவம், நல்ல மனிதர். தீர்மானப் புத்தகத்தை எடுத்து 'காலி நிலம்' என்பதைச் சிவப்பு மையில் ஒரு கோடு கிழித்து, மேலே 'மேய்க்கால்' என்று எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டார். "இதுக்கு மேல நான் எதுவும் பண்ண முடியாது தம்பி, ஃபைல் தாலுகா ஆபீஸ்ல இருக்கு" என்றார்.

தாலுகா ஆபீசில் நகலுக்கு மனு கொடுத்திருக்கிறேன். சர்வேயருக்கும் ஒரு மனு போட்டிருக்கிறேன், எங்கள் வரப்பை அளக்கச் சொல்லி. அப்பா இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை.