எதைப் போட்டாலும் நன்றாகத்தான் இருக்குமாம்!

“பொருத்தமாக இருக்க வேண்டும், ஆனால் ஒரே மாதிரி இருக்கக் கூடாது.” புகைப்படக்காரர் அனுப்பிய குறிப்பின் முதல் வரி இது. இதை அனுப்பிவிட்டு அவர் நிம்மதியாகப் போர்த்திக்கொண்டு படுத்திருப்பார். தூக்கம் போனது எனக்கு.

இதற்கு என்ன பொருள் என்று யாராவது சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். படத்தில் நிற்கப்போவது ஆறு பேர்: மாமனார், மாமியார், கணவர், 13 வயது மகள், 5 வயது மகன், நான். இந்த ஆறு பேரின் உடையும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். ஆனால் பள்ளிச் சீருடை போலத் தெரிந்துவிடக் கூடாது. திட்டம் போட்டு உடுத்தினால் செயற்கையாகிவிடுமாம். திட்டம் போடாமல் உடுத்தினால் அலங்கோலமாகிவிடுமாம். ஆக, அலமாரியைத் திறந்தோம், கைக்கு வந்ததை எடுத்து மாட்டினோம், ஆண்டவன் அருளால் ஆறு பேருக்கும் நிறம் தானாக அமைந்துவிட்டது என்று பார்க்கிறவர்கள் நம்ப வேண்டும். அந்த ஆண்டவனின் வேலையைச் செய்ய வேண்டியவள் நான்.

வெளியே போய் ஒரு குடும்பப் படம் எடுத்துக்கொள்ளலாம் என்று முதலில் சொன்னவர் என் கணவர். நல்ல யோசனைதான், மறுக்கவில்லை. சொன்னதோடு அவர் பங்கு முடிந்துவிட்டது. “என்ன உடுத்துவது?” என்று கேட்டேன். “எதைப் போட்டாலும் நன்றாகத்தான் இருக்கும்” என்றார். இந்த வாக்கியத்தை முதன்முதலில் சொன்னவன் என் கையில் கிடைத்தால்... வேண்டாம், விடுங்கள். கேட்பதற்குப் பாராட்டு போல இருக்கும். “இதில் எனக்கு வேலை இல்லை” என்பதுதான் அதன் பொருள். அதே மனிதர்தான் கிளம்புகிற நேரத்தில் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு, “இது கழுத்தை இறுக்குகிறதே, வேறு சட்டை இல்லையா?” என்று கேட்பார். கேட்டார்.

சரி, அந்தக் குறிப்புக்கு வருகிறேன். வெள்ளை வேண்டாம். கறுப்பு வேண்டாம். நெருக்கமான கோடு வேண்டாம், பொடிக் கட்டம் வேண்டாம். எழுத்தும் படமும் அச்சிட்ட டி-ஷர்ட் வேண்டவே வேண்டாம். பின்னால் புல்வெளி என்பதால் பச்சை வேண்டாம். கண்ணைக் குத்தும் ஆரஞ்சு வேண்டாம். கழித்துக்கொண்டே போனால் மிஞ்சுவது மண் நிறம், மணல் நிறம், சாம்பல் நிறம், துருவின் நிறம். ஆறு பேரும் காய்ந்த சருகு போல உடுத்திக்கொண்டு உயிரோட்டமாகச் சிரிக்க வேண்டும்.

இவையெல்லாம் வெறும் மிரட்டல் என்று நிரூபிப்பதற்காகவே ஓர் இரவு உட்கார்ந்து படித்தேன். அங்கேதான் வயிற்றெரிச்சல். ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் காரணம் இருக்கிறது.

கணவரின் நீலக் கோட்டுச் சட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். நூல் நூலாகக் கோடு போட்டது, அவருக்கு எடுப்பாக இருக்கும். சோதனைக்காகச் செல்பேசியில் ஒரு படம் எடுத்தேன். மழைத் தண்ணீரில் எண்ணெய் சிந்தினால் எப்படி இருக்குமோ அப்படி, மார்பு முழுவதும் ஊதாவும் மஞ்சளுமாக வளைந்து வளைந்து அலைகள். சட்டையில் அப்படி எதுவும் இல்லை. கேமராவுக்குள் ஒளியை வாங்கும் சில்லு நுண்ணிய கட்டங்களால் ஆனது. சட்டைக் கோடுகள் அந்தக் கட்டங்களுக்கு ஈடாக நெருங்கிவிட்டால், இரண்டும் மோதி, இல்லாத ஒரு மூன்றாவது வடிவம் முளைத்துவிடுகிறது. கொசுவலையை இரண்டாக மடித்து வெளிச்சத்தில் பிடித்தால் அலையலையாகத் தெரியுமே, அதே கதைதான். மோய்ரே என்று பெயர். நிறம் எங்கிருந்து வந்தது என்றால், அந்தக் கட்டம் ஒவ்வொன்றும் ஒரே ஒரு நிறத்தைத்தான் அளக்கும். கோடாக் கேமரா நிறுவனத்தில் இருந்த பிரைஸ் பேயர் என்பவருக்கு 1976-இல் காப்புரிமை கிடைத்த அமைப்பு அது: பாதிக் கட்டங்கள் பச்சைக்கு, கால் பங்கு சிவப்புக்கு, கால் பங்கு நீலத்துக்கு. விட்டுப்போனதைக் கேமரா அக்கம்பக்கத்துக் கட்டங்களைப் பார்த்து ஊகித்துக்கொள்கிறது. கோடு நெருக்கமானால் ஊகம் தப்பி, நீலச் சட்டைக்குள் மஞ்சள் புகுந்துவிடுகிறது.

இதைக் கணவரிடம் விளக்கினேன். “அதைப் பிறகு கணினியில் சரிசெய்துகொள்ளலாமே” என்றார். யார் சரிசெய்வது என்பதைச் சொல்லவில்லை.

பிறகு வெள்ளை. என்னை உட்கார வைத்தது இந்த வெள்ளைதான். விதி கிடக்கட்டும், ஆறு பேருக்கும் மேலே வெள்ளை, கீழே அவரவர் விருப்பம் என்று ஒரு முடிவுக்கு வந்தேன். சண்டை வராது, எளிது. மூன்று பேருக்கு வீட்டிலேயே இருந்தது, மூன்று பேருக்குப் புதிதாக வரவழைத்தேன். இரவு எல்லோரும் தூங்கிய பிறகு படுக்கை மேல் ஆறையும் வரிசையாக விரித்துவைத்துப் பார்த்தேன். விளக்கு வெளிச்சத்தில் ஆறும் ஒரே வயிற்றில் பிறந்த பிள்ளைகள் போல இருந்தன. மூன்று வாரத்தில் அன்று ஒரு நாள்தான் நன்றாகத் தூங்கினேன்.

காலையில் திரைச்சீலையை விலக்கினேன். மாமனாருடைய சட்டை பழைய செய்தித்தாள் நிறம். மாமியாருடையது தந்தம். கணவருடைய சட்டைக் கழுத்துப் பட்டை ஒரு வெள்ளை, முதுகு வேறொரு வெள்ளை. புதிதாக வந்த மூன்றும் பளீரென்று நீலம் பாய்ந்து, பல் மருத்துவமனை விளம்பரம் போலச் சிரித்துக்கொண்டிருந்தன. ஜன்னலுக்கு அருகே கொண்டுபோனேன், இன்னும் மோசமாயிற்று. விளக்கைப் போட்டுக்கொண்டு உள்ளே கொண்டுவந்தேன், மறுபடி ஒன்றுபோல ஆயின. என் கண்தான் கெட்டுவிட்டதோ என்று கூட நினைத்தேன்.

கண்ணில் குறை இல்லை. வெள்ளைத் துணியிலும் சலவைத் தூளிலும் ஒளிர்வூட்டும் வேதிப்பொருள் ஒன்றைச் சேர்க்கிறார்கள். நமக்குத் தெரியாத புறஊதாக் கதிரை வாங்கிக்கொண்டு அது நீல ஒளியாகத் திருப்பி விடும். வெயிலில் புறஊதா தாராளமாக இருக்கிறது, வீட்டு எல்.இ.டி. விளக்கில் அநேகமாக இல்லை. ஆகவே இரவில் அடக்கமாக இருக்கும் புதுச் சட்டை பகலில் பற்றி எரிகிறது. பல ஆண்டு வெயிலும் வியர்வையும் பட்ட பழைய சட்டை பக்கத்தில் நின்றால் அழுக்காகத் தெரிகிறது. தனியாகப் பார்த்தால் அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. திறந்தவெளிப் படத்துக்கான உடையை வீட்டு விளக்கில் தேர்ந்தெடுப்பது எவ்வளவு முட்டாள்தனம் என்று அந்தக் குறிப்பில் ஒரு வரி எழுதியிருக்கலாம். “இயல்பாக இருங்கள்” என்று எழுத மட்டும் இடம் இருந்தது.

வெள்ளை போயிற்று. மறுபடி நிறங்களுக்கு வந்தேன். மாமியாருக்கு மங்கிய ரோஜா நிறத்தில் ஓர் உடை, கையில் வைத்துப் பார்த்தால் கண்ணுக்குக் குளிர்ச்சி. மகளின் அடர்சிவப்புக் கவுனுக்கு அருகில் வைத்தேன். அந்த ரோஜா நிறம் அப்படியே சுருண்டு, துவைத்துத் துவைத்து வெளுத்த துணியாகிவிட்டது. இந்த அவஸ்தையும் புதிதில்லை. பாரிஸில் கோபெலான் நெசவுக்கூடத்தின் சாயப் பிரிவுக்கு 1824-இல் தலைமையேற்ற மிஷெல் ஷெவ்ரல் என்ற வேதியியலாளரிடம், கறுப்புச் சாயம் சரியில்லை என்று புகார் வந்தது. ஆராய்ந்து பார்த்தால் சாயத்தில் பழுதில்லை. பக்கத்தில் நெய்த நிறங்கள் கறுப்பைக் கெடுத்துக்கொண்டிருந்தன. 1839-இல் அதைப் பற்றிப் பெரிய நூலே எழுதிவிட்டார். அவருக்கு அது ஆராய்ச்சி, சம்பளம் உண்டு. எனக்கு?

மாமியாரிடம் வேறு நிறம் பார்க்கலாமா என்று மெதுவாகக் கேட்டேன். “ஏன், இது எனக்கு நன்றாக இல்லையா?” என்றார். உலகத்தில் எந்த மருமகளும் பதில் சொல்லித் தப்பிக்க முடியாத கேள்வி. “இல்லை அத்தை, உங்களுக்கு அழகாகத்தான் இருக்கிறது” என்று சொல்லிவிட்டு மகளின் அறைக்குப் போனேன், அவளுடைய சிவப்பை மாற்றச் சொல்ல. அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “எனக்கு என்ன பிடிக்கும் என்று நீங்கள் ஒரு தடவையாவது கேட்டீர்களா, அம்மா?” என்றாள். கேட்கவில்லை. உண்மைதான். அதையும் என் கணக்கிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

மகனுக்கு டைனோசர் போட்ட டி-ஷர்ட்டைத் தவிர எதுவும் உடையே இல்லை. பேரம் பேசி, உள்ளே டைனோசர், மேலே மணல் நிறச் சட்டை என்று உடன்பாடு. மாமனாருக்குச் சாம்பல் நிறம் எடுத்துவைத்தேன். எல்லாக் குறிப்பும் சாம்பல், சாம்பல் என்று பாடுகிறதே தவிர, வெளிர்சாம்பலில் வியர்வை பட்டால் வரைபடம் வரைந்தது போலத் தெரியும் என்று எவரும் எச்சரிப்பதில்லை. வெட்டவெளியில் நின்ற பத்தாவது நிமிடம் அவர் முதுகில் ஒரு தீவு தோன்றியது.

ஒளிப்படத்தின் தொடக்க காலத்துக் கதை இன்னும் வேடிக்கை. அப்போதைய கண்ணாடித் தகடுகளுக்கு நீல ஒளிதான் உறைக்கும், சிவப்பு உறைக்காது. நீல உடை வெள்ளையாக விழும், சிவப்பு உடை கறுப்பாக விழும். தகட்டில் சாயம் சேர்த்தால் மற்ற நிறங்களையும் உணரவைக்கலாம் என்று ஹெர்மன் ஃபோகல் என்ற ஜெர்மன் வேதியியலாளர் 1873-இல் கண்டுபிடித்த பிறகுதான் மெல்ல மெல்ல நிலைமை மாறியது. அந்த நாளிலேயே ஸ்டூடியோக்காரர்கள் வாடிக்கையாளர்களுக்கு எந்த நிறம் உடுத்தலாம், எது கூடாது என்று அறிவுரை சொல்லியிருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டு அலமாரியைக் குடைந்தவள் அப்போதும் எவளோ ஒருத்தி இருந்திருப்பாள். அவள் வீட்டுக்காரரும் எதைப் போட்டாலும் நன்றாகத்தான் இருக்கும் என்றிருப்பார்.

என் உடை? ஐந்து பேரின் நிறங்களுக்கு நடுவே எஞ்சியிருந்த ஓட்டையை அடைக்கும் நிறம் எதுவோ, அது. முந்தின நாள் இரவு பதினொரு மணிக்குத் தேய்த்துவைத்தேன்.

படம் எடுத்த அன்று மாலை நடந்ததை நினைத்தால் மனம் இன்னும் ஆறவில்லை. சூரியன் இறங்கும் நேரம்தான் ஒளி அழகாக இருக்கும் என்று புகைப்படக்காரர் அப்போதுதான் வரச்சொன்னார். ஒளி அழகுதான். அடிவானத்துச் சூரிய ஒளி காற்று மண்டலத்தில் நீண்ட தூரம் கடந்து வருவதால் நீலம் வழியிலேயே சிதறிப்போய், மஞ்சளும் செம்மையும்தான் மிச்சம் வரும். நான் மூன்று வாரம் சலித்து எடுத்த வெளிர்நீலம் அந்த ஒளியில் செத்த சாம்பலாயிற்று. மணல் நிறமும் மண் நிறமும் ஒன்றாகிவிட்டன. மகளின் சிவப்பு மட்டும் தீப்பிடித்தது போல நின்றது. ஆமாம், அவள் சிவப்பையேதான் போட்டுக்கொண்டு வந்தாள்.

மாமனாரின் கண்ணாடி வெளிச்சத்தில் தானாகக் கறுக்கும் வகை. உடைக்காக அத்தனை யோசித்த எனக்கு அது தோன்றவே இல்லை. வெயிலில் இறங்கிய சிறிது நேரத்தில் அவர் உளவாளி போல ஆகிவிட்டார். கழற்றினால், “கேமரா எங்கே இருக்கிறது?” என்கிறார். கணவரின் கால்சட்டைப் பையில் செல்பேசியும் சாவிக்கொத்தும் சேர்ந்து கட்டி வந்தது போலப் புடைத்துக்கொண்டிருந்தன. மகன் மூன்றாவது படத்திலேயே மணல் நிறச் சட்டையைக் கழற்றிப் புல்லில் எறிந்தான். டைனோசர் வாயைப் பிளந்துகொண்டு கேமராவைப் பார்த்தது.

புகைப்படக்காரர் மட்டும் தலை முதல் கால் வரை கறுப்பில் வந்திருந்தார். தன் சட்டை நிறம் எங்கள் முகத்தில் எதிரொளிக்கக் கூடாது என்பதற்காகவாம். தினமும் ஒரே நிறம்! அந்த நிமிடம் உலகத்திலேயே நான் அதிகம் பொறாமைப்பட்டது அவரைப் பார்த்துத்தான்.

படங்கள் வந்தன. நன்றாகத்தான் இருக்கின்றன, அதுவும் ஓர் எரிச்சல். பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டியிருக்கிறோம். போன வாரம் வந்த கணவரின் நண்பர் அதன் முன்னால் நின்று, “எப்படி இவ்வளவு பொருத்தமாக உடுத்தியிருக்கிறீர்கள்?” என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் இவர், “நாங்கள் பெரிதாக எதுவும் யோசிக்கவில்லை, கையில் கிடைத்ததைப் போட்டுக்கொண்டு போனோம்” என்றார்.

அந்த மூன்று புது வெள்ளைச் சட்டைகளும் படுக்கையறை நாற்காலியில் இன்னும் பிரித்த உறையோடு கிடக்கின்றன. திருப்பி அனுப்பக் கொடுத்திருந்த கெடு நேற்று முடிந்துவிட்டது. அதை அனுப்புகிறேன் என்று சொன்னவரும் அவர்தான்.