லேபிளை மட்டும் நம்பி வாங்காதீர்கள்

ப்ளூ நோட் என்ற அமெரிக்க ஜாஸ் நிறுவனத்தின் பழைய இசைத்தட்டுகள் பற்றிய உங்கள் கட்டுரை நல்ல கட்டுரை. ஆனால் ஒரு தட்டு முதல் பதிப்பா இல்லையா என்பதை அதன் நடுவில் ஒட்டிய லேபிளில் உள்ள நியூயார்க் முகவரியே சொல்லிவிடும் என்று எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 1966 வாக்கில் ப்ளூ நோட் லிபர்ட்டி என்ற இன்னொரு இசைத்தட்டு நிறுவனத்தின் கைக்குப் போன பிறகும், மிச்சமிருந்த பழைய லேபிள்களைப் புதுத் தட்டுகளில் பயன்படுத்தினார்கள்.

லேபிளைச் சுற்றியுள்ள வெற்று வளையத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். காது மடல் மாதிரி ஒரு சின்னச் சுழி தெரியும். அது, அதுவரை ப்ளூ நோட் தட்டுகளை அச்சிட்டு வந்த, நியூஜெர்சியில் இருந்த பிளாஸ்டிலைட் ஆலையின் 'பி' (P) எழுத்து. லிபர்ட்டி அச்சிட்ட தட்டில் அது இருக்காது. ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டரின் ஆர்விஜி (RVG) முத்திரையும் தனியாகப் போதாது, அவர் வெட்டிய அச்சுகளையே பின்னாலும் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

நானும் ட்ரம்பெட் கலைஞர் லீ மார்கனின் தட்டு ஒன்றை ஏலத்தில் எடுத்தேன். படத்தில் லேபிள் பளிச்சென்று இருந்தது. பார்சலைப் பிரித்து டார்ச் அடித்துப் பார்த்தால் காதைக் காணோம்! அன்றைக்கு ராத்திரி சாப்பாடே இறங்கவில்லை. சாக்ஸபோன் கலைஞர் ஹாங்க் மோப்ளியின் 1568 என்ற எண்ணுள்ள தட்டு போன்றவை ஆயிரக்கணக்கான டாலருக்குப் போகின்றன. அவ்வளவு பணம் போடுகிறவர்கள் ஏலம் கேட்கும் முன் அந்த வளையத்தை, இரண்டு பக்கமும், கிட்டத்தில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.