ஆல்ட் கீயை அணைக்க ஒரு வழி வையுங்கள்!

வேர்டில் அடித்துக்கொண்டிருக்கும்போது ஆல்ட் கீயில் கை பட்டுவிட்டால், மேலே பட்டன்கள் இருக்கும் பட்டையான ரிப்பன் முழுக்கக் குட்டிக் கட்டங்களில் எஃப், ஹெச், என், பி என்று எழுத்துகள் முளைக்கின்றனவே, அதை நிறுத்த வழியே கிடையாதா? ஆப்ஷன்ஸ் பக்கம் முழுக்கத் தேடியாயிற்று. எழுத்துப்பிழைக்கு வரும் சிவப்புக் கோட்டை நிறுத்தலாம், மினி டூல்பாரை நிறுத்தலாம். இதை மட்டும் முடியாது. 2007இல் ரிப்பனோடு சேர்ந்து வந்த விஷயம் இது. இத்தனை வருடத்தில் ஒரு டிக் பாக்ஸ் வைக்க மனம் வரவில்லை!

எழுத்துகள் தெரிவதோடு விட்டால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு அடிக்கிற எழுத்தெல்லாம் கட்டளையாகிவிடுகிறது. கண் காகிதத்தில் இருக்கும், கை கீபோர்டில் ஓடும். ஹெச் விழுந்தால் ஹோம் திறக்கும், அடுத்து 1 விழுந்தால் போல்டு ஆகும். என் விழுந்தால் இன்செர்ட். நிமிர்ந்து பார்த்தால் அடித்த வரியைக் காணோம், கேட்காத பெட்டி ஒன்று திறந்து நிற்கிறது. எத்தனை படி உள்ளே போயிருக்கிறதோ அத்தனை தடவை எஸ்கேப் அழுத்தி வெளியே வர வேண்டும்.

தமிழில் அடிப்பவர்கள் பாடு இன்னும் மோசம். ஆபீஸ் கடிதத்தில் ஒரே வரியில் பெயர் தமிழில் வரும், ஜிஎஸ்டி எண் ஆங்கிலத்தில் வரும். மொழி மாற்ற ஆல்ட்டையும் ஷிஃப்ட்டையும் சேர்த்து அழுத்தித்தான் பலருக்குப் பழக்கம். ஷிஃப்ட் சரியாக விழாமல் ஆல்ட் மட்டும் பட்டுவிட்டால் போதும், கட்டங்கள் வந்துவிடும். லேப்டாப்பில் அந்தக் கீ ஸ்பேஸ்பாரை ஒட்டியே இருக்கிறது, கட்டைவிரல் கொஞ்சம் நகர்ந்தாலே படும். எஃப்10 அழுத்தினாலும் இதே கதைதான். சத்தத்தையோ வெளிச்சத்தையோ மாற்றும் கீகளும் அதே வரிசையில்தான் இருக்கின்றன.

உதவி எண்ணில் கேட்டால் மொத்தத்தையும் அழித்துவிட்டுத் திரும்ப இன்ஸ்டால் பண்ணச் சொல்கிறார்கள். சர்வீஸ் கடையில் கீபோர்டையே மாற்ற வேண்டும் என்கிறார்கள். பழுதே இல்லாத பொருளை எதற்கு மாற்ற வேண்டும்? மென்பொருள் இப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை.

இந்த வசதியையே எடுத்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. மவுஸ் பிடிக்க இயலாதவர்களும், திரையில் இருப்பதைப் படித்துக்காட்டும் ஸ்கிரீன் ரீடர் வைத்து வேலை செய்யும் பார்வையற்றவர்களும் இதை நம்பித்தான் வேலை பார்க்கிறார்கள். அவர்களுக்கு அது கட்டாயம் இருக்க வேண்டும். ஆனால் அதே விண்டோஸில், ஷிஃப்ட்டை ஐந்து முறை தட்டினால் வரும் ஸ்டிக்கி கீஸ் பெட்டியை செட்டிங்ஸில் நிறுத்த முடிகிறதே. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

எக்செல்லைப் பாருங்கள், கோபம் இன்னும் ஏறும். அதில் ஒரு செல்லில் ஸ்லாஷ் (/) அடித்தாலே இந்தக் கட்டங்கள் வந்து நிற்கும். 1983இல் வந்த லோட்டஸ் 1-2-3 என்ற அட்டவணை மென்பொருளில் ஸ்லாஷ் அடித்தால்தான் மெனு திறக்கும். அதில் கை பழகியவர்களுக்காக எக்செல்லிலும் வைத்தது. லோட்டஸுக்கான ஆதரவே 2014இல் முடிந்துவிட்டது, இது மட்டும் போகவில்லை. ஆனால் இதை அணைக்க வழி இருக்கிறது: ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு போய்க் கடைசி வரை இறங்கினால் லோட்டஸ் என்ற தலைப்பில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அதிலுள்ள ஸ்லாஷை அழித்துவிட்டால் தொல்லை விட்டது.

வேர்டில் அந்தப் பெட்டியும் கிடையாது. விண்டோஸ் செட்டிங்ஸில் அட்வான்ஸ்டு கீபோர்டு பகுதிக்குப் போய், மொழி மாற்றும் குறுக்குவழியிலிருந்து ஆல்ட் ஷிஃப்ட்டை எடுத்துவிட்டு, இப்போது விண்டோஸ் கீயையும் ஸ்பேஸையும் அழுத்தி மாற்றுகிறேன். தொல்லை குறைந்தது, நிற்கவில்லை. கட்டைவிரல் பட்டால் இன்னும் வரத்தான் செய்கிறது.

எக்செல்லில் ஸ்லாஷுக்கு வைத்த அந்தப் பெட்டியை ஆல்ட்டுக்கும் வையுங்கள், வேர்டிலும் வையுங்கள். கேட்பது அவ்வளவுதான்.