பழைய பேஸ் கிட்டாரைப் பெட்டியில் வைத்துப் பூட்டாதீர்கள்

பழைய பேஸ் கிட்டார் சேர்ப்பவர்களில் ஒரு ரகம் இப்போது அதிகமாகிவிட்டது. கிட்டாரைக் கையில் கொடுத்தால் வாசித்துப் பார்க்க மாட்டார்கள், ஸ்க்ரூடிரைவர் கேட்பார்கள். பிக்கார்டை, அதாவது முன்பக்கத் தகட்டை, கழற்றி உள்ளே சால்டரிங்கை யாராவது தொட்டிருக்கிறார்களா, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்யூம் பாட்டின் முதுகில் அடித்திருக்கும் எண் என்ன, கிட்டாரின் நீண்ட கைப்பிடியான நெக்கின் அடியில் தேதி இருக்கிறதா, நாபுகள் அந்த வருஷத்து நாபுகள்தானா என்று ஜாதகம் பார்ப்பார்கள். எல்லாம் பொருந்தினால் பெட்டியில் வைத்து மூடிவிடுவார்கள், அப்புறம் அது வெளியே வராது. நெக்கில் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டைகளான ஃப்ரெட்டை மாற்றியிருக்கிறது என்று தெரிந்தால் போதும், துக்க வீட்டுக்கு வந்தவர் மாதிரி முகம் போய்விடும்.

அந்த எண்ணைப் படிக்க எனக்கும் பிடிக்கும், மறுக்கவில்லை. 304 6234 என்று இருந்தால் ஸ்டாக்போல் கம்பெனி 1962ஆம் வருஷம் 34ஆவது வாரத்தில் செய்த பாட் அது. 137 என்று தொடங்கினால் சிடிஎஸ் என்ற இன்னொரு கம்பெனி. இதெல்லாம் தெரிந்துகொள்ள சுவாரஸ்யமான விஷயம்தான். ஆனால் அந்தப் பாட் கரகர என்று இரைகிறது, திருப்பினால் சத்தம் பாதியில் செத்துப்போகிறது என்றால் அதை மாற்றத்தான் வேண்டும். "ஒரிஜினல், தொடாதே" என்று சொல்கிறவரோடு எனக்கு ஒத்துப்போகாது.

யோசித்துப் பாருங்கள், இதை உருவாக்கியவர் யார்? லியோ ஃபெண்டர் ரேடியோ ரிப்பேர்க்காரர். கலிபோர்னியாவில் ஃபுல்லர்ட்டன் என்ற ஊரில் ரேடியோ கடை வைத்திருந்தவர். கிட்டார் வாசிக்கத் தெரியாது. 1951இல் அவர் பிரிசிஷன் பேஸை வெளியிட்டபோது அதற்கு முன்னால் இருந்தது ஆளுயர டபுள் பேஸ், அதைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில்கூட ஏற முடியாது. இவர் ஒரு மரப்பலகையை வெட்டி, நெக்கை நாலு ஸ்க்ரூ போட்டு மாட்டினார். பசை கிடையாது. நெக் கெட்டால் கழற்றிவிட்டு இன்னொன்றை மாட்டலாம், கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் போனால் அதை மட்டும் எடுக்கலாம், வயரிங் முழுவதும் ஒரு தகட்டுக்கு அடியில் அடங்கிவிடும். ஒரு ரிப்பேர்க்காரன் இன்னொரு ரிப்பேர்க்காரனை நினைத்துச் செய்த பொருள் அது. அதைத் தொடவே கூடாது என்பது அவர் போட்ட கணக்குக்கே எதிரானது.

அப்புறம் வருஷக் கணக்கு. 1957இல் பிரிசிஷனுக்கு இரண்டாகப் பிளந்த பிக்கப் வந்தது, ஹம் என்ற மின் இரைச்சலை அடக்குவதற்காக. 1960இல் ஜாஸ் பேஸ் என்ற இன்னொரு மாடல் வந்தது. 1965 ஜனவரியில் ஃபெண்டர் கம்பெனியை அமெரிக்க ஒலிபரப்பு நிறுவனமான சிபிஎஸ் 1.3 கோடி டாலருக்கு வாங்கியது. சேகரிப்பாளர்கள் அங்கே ஒரு கோடு போட்டுவிட்டார்கள். கோட்டுக்கு முன்னால் இருப்பது தங்கம், பின்னால் இருப்பது தகரம் என்று பேச்சு. எழுபதுகளில் ஜாஸ் பேஸின் நெக்கை மூன்று போல்ட்டில் மாட்டியதும், பாடி கனமாகப் போனதும் உண்மை. அதில் சில நெக்குகள் பக்கவாட்டில் ஆடும், நானே பார்த்திருக்கிறேன். ஆனால் பாடியின் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்த மூன்று போல்ட் நெக் அசையாது. கையில் எடுத்துப் பார்க்காமல் வருஷத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்கிறவரின் பேச்சை நான் காதில் போட்டுக்கொள்வதில்லை.

நிஜத்தில் பழைய பேஸுக்கு வரும் வியாதிகள் கொஞ்சம்தான். பாட் இரைச்சலுக்குக் கான்டாக்ட் கிளீனர் அடித்து இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பல தடவை திருப்பினால் பாதி கேஸ் முடிந்துவிடும். ஒயர் செருகும் ஜாக்கில் தகடு தளர்ந்திருக்கும், லேசாக உள்ளே வளைத்தால் சரி. பிக்கப் செத்துவிட்டது என்று கொண்டுவந்தால் முதலில் மல்டிமீட்டர். பிரிசிஷன் பிக்கப் என்றால் 10, 11 கிலோ ஓம் காட்ட வேண்டும், ஜாஸ் என்றால் ஒன்றுக்கு 7, 8. எதுவுமே காட்டவில்லை என்றால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. அந்தக் கம்பி 42 கேஜ், தலைமுடியைப் போல இருக்கும், மூச்சு விட்டால் ஆடும். பெரும்பாலும் அது ஐலெட் என்ற சின்ன உலோக வளையத்தில் சால்டர் ஆகும் இடத்தில்தான் அறும். அதுவும் வெளிச்சுற்றின் முனை என்றால் அதிர்ஷ்டம், லென்ஸ் மாட்டிக்கொண்டு ஒரு சுற்றை அவிழ்த்து மறுபடி சால்டர் வைத்தால் உயிர் வந்துவிடும். உள்ளே அறுந்திருந்தால் முழுக்கச் சுற்ற வேண்டியதுதான்.

பலரும் கவனிக்காதது ஃபோம். பிக்கப்பை மேலே தூக்கிப் பிடிக்க அடியில் ஒரு துண்டு ஃபோம் வைத்திருப்பார்கள், பிரிட்ஜ் மூடிக்கு அடியிலும் கம்பியின் அதிர்வை அடக்க ஒன்று இருக்கும். நாற்பது வருஷம் கழித்துத் திறந்தால் அது ஃபோமாக இருக்காது, கறுப்பாக, பிசுபிசுவென்று, தொட்டால் விரலில் ஒட்டிக்கொண்டு வருகிற ஒரு கசடு. ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு பக்கத்தில் இருக்கும் ஸ்க்ரூக்களைத் துருப்பிடிக்க வைப்பதும் அதுதான். பிக்கப்புக்குள் இருக்கும் காந்தத் தண்டு துருப்பிடித்தால் அது சுற்றின் உள்பக்கக் கம்பியையும் சேர்த்துத் தின்றுவிடும். சென்னை மாதிரி ஊரில் இதற்கு நாற்பது வருஷமெல்லாம் வேண்டாம். இதையும் "ஒரிஜினல் ஃபோம்" என்று விட்டு வைப்பவரை என்ன சொல்வது?

ஃப்ரெட் விஷயத்துக்கு வருகிறேன், சண்டையே அங்கேதான். ஐம்பதுகளில் பேஸுக்கு வழவழப்பான ஃபிளாட்வுண்ட் கம்பிதான். அறுபதுகளின் நடுவில் ரவுண்ட்வுண்ட் வந்த பிறகு பலரும் அதற்கு மாறினார்கள், சொரசொரப்பான அந்தக் கம்பி அரம் போட்ட மாதிரி ஃப்ரெட்டைத் தின்னும். ஃப்ரெட் என்பது டயர், தேயத்தான் தேயும், மாற்றத்தான் வேண்டும். பழைய காரில் வழுக்கை டயரோடு ஓட்டுங்கள், அதுதான் மதிப்பு என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் நாலாவது கட்டையில் வைத்தால் ஐந்தாவது கட்டையில் இடிக்கிற ஒரு பேஸைக் காட்டி "ஃபர்ஸ்ட் ஃப்ரெட் செட் சார்" என்று பெருமைப்பட மட்டும் ஆள் இருக்கிறது.

நெக்கின் வளைவைச் சரிசெய்யும் இரும்புத் தண்டான டிரஸ் ராட் வேலை இன்னும் பொறுமையைச் சோதிக்கும். பழைய ஃபெண்டர்களில் அதைத் திருப்பும் நட் நெக்கின் அடிப்பக்கம், பாடிக்குள் ஒளிந்திருக்கும். கம்பியைத் தளர்த்தி, நெக் ஸ்க்ரூவைக் கழற்றி, நெக்கைத் தூக்கி, கால் சுற்று திருப்பி, மறுபடி மாட்டி, சுருதி சேர்த்து, பார்த்தால் இன்னும் கொஞ்சம் வேண்டும் போல இருக்கும், மறுபடி முதலிலிருந்து. மழைக்காலத்தில் ஒரு மாதிரி வளையும், நாள் முழுக்க ஏசி ஓடுகிற ஸ்டுடியோவில் வைத்தால் வேறு மாதிரி. ஏசியில் ஃபிங்கர்போர்டு காய்ந்து சுருங்கி ஃப்ரெட் முனைகள் வெளியே நீட்டிக்கொண்டு உள்ளங்கையைக் கீறும். ஃபிங்கர்போர்டு என்றதும் ஒரு கிளைக்கதை: அறுபதுகளின் பின்பாதியிலிருந்து ரோஸ்வுட் போட்ட அமெரிக்க கிட்டார்களில் பெரும்பாலும் இருப்பது இந்திய ரோஸ்வுட், அதாவது நம் மலைகளில் விளையும் ஈட்டி. கலிபோர்னியா போய் வந்த ஈட்டிக்கு இங்கே எண்ணெய் தடவும்போது கொஞ்சம் சிரிப்பு வரும்.

நம் ஊரில் இருந்துகொண்டு பழைய பேஸ் வேண்டும் என்றால் நான் ஜப்பான் பக்கம்தான் கைகாட்டுவேன். எழுபதுகளின் கடைசி, எண்பதுகளின் தொடக்கம். நாகானோ மாநிலத்தில் மட்சுமோட்டோ என்ற ஊரில் ஃபுஜிஜென், மட்சுமோக்கு என்று இரண்டு தொழிற்சாலைகள். முதலில் அமெரிக்க மாடல்களை அச்சு அசலாகக் காப்பியடித்தார்கள், 1977இல் கிப்ஸன் என்ற அமெரிக்க கிட்டார் கம்பெனியின் தாய்க் கம்பெனி அமெரிக்காவில் வழக்குப் போடும் அளவுக்குப் போனது. ஃபெண்டரோ 1982இல் அந்த ஃபுஜிஜென்னையே பிடித்துத் தன் பெயரில் கிட்டார் செய்ய வைத்தது. ஜேவி என்று தொடங்கும் சீரியல் எண் அந்தக் காலத்துச் சரக்குதான், அதற்கும் இப்போது விலை ஏறிவிட்டது. மட்சுமோக்கு செய்த ஏரியா புரோ 2 எஸ்பி வரிசை, யமஹாவின் பிபி வரிசை, இவையெல்லாம் காப்பி இல்லை, சொந்தப் புத்தி. வேலைப்பாட்டைப் பார்த்தால் அதே வருஷத்து அமெரிக்க பேஸ்கள் வெட்கப்பட வேண்டும்.

இவற்றில் ஒரு சிக்கல் உண்டு. ஜப்பான் பாட்டின் கழுத்து சின்னது. அமெரிக்கப் பாட் 3/8 அங்குலம், அந்தத் துளையில் நுழையாது. உடனே டிரில்லை எடுத்துத் துளையைப் பெரிதாக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். எனக்குக் கோபம் வருவது அங்கேதான். ரிச்சி ஸ்ட்ரீட்டில் கப்பாசிட்டரும் ஒயரும் கைநிறைய வாங்கலாம், சரியான அளவுப் பாட்டுக்குக் கொஞ்சம் அலைந்தால்தான் என்ன? நான் போட்டுக்கொண்டிருக்கும் கோடு இதுதான்: திரும்பக் கழற்ற முடிகிற எதையும் செய்யலாம், மரத்தையோ தகட்டையோ பெயிண்ட்டையோ வெட்டுகிற எதையும் செய்யக் கூடாது. ஸ்க்ரூ துளை தளர்ந்துவிட்டதா, பல்குச்சியில் ஃபெவிகால் தடவிச் செருகி, காய்ந்ததும் அதே ஸ்க்ரூவை ஏற்றலாம். பெயிண்ட் உதிர்ந்திருக்கிறதா, இருந்துவிட்டுப் போகட்டும். ஃப்ரெட் மட்டும் விதிவிலக்கு, அது தேய்வதற்காகவே இருக்கிற உலோகம். கழற்றிய பழைய பாட், கப்பாசிட்டர் எல்லாவற்றையும் ஒரு ஜிப் கவரில் போட்டுப் பெட்டியிலேயே வைத்துவிடுவேன். அடுத்து வாங்குகிறவருக்கு ஜாதகப் பைத்தியம் இருந்தால் மாட்டிக்கொள்ளட்டும்.

பூட்டி வைப்பவரைக்கூட மன்னித்துவிடலாம், உடைத்து விற்பவரை முடியாது. முழு பேஸை விற்பதைவிடப் பிக்கப் தனி, பிரிட்ஜ் தனி, நாப் தனி, பெட்டி தனி என்று பிரித்து விற்றால் கூடுதல் காசு. நான் கண் வைத்திருந்த எழுபதுகளின் பேஸ் ஒன்று, இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் முழுதாக இருந்தது. கொஞ்சம் பொறுத்துப் பார்த்தால் அதே பேஸின் ட்யூனிங் கீகள் தனி விளம்பரமாக வந்திருந்தன, அடுத்து பிக்கார்ட், கடைசியில் எலும்புக்கூடாக பாடி மட்டும். நன்றாக வாசித்துக்கொண்டிருந்திருக்கக்கூடிய ஒரு பேஸ். இதை வாங்குகிறவர் யார்? தன் பேஸை நூறு சதவீதம் ஒரிஜினல் ஆக்கத் துடிக்கும் அதே பெட்டிக்காரர். ஒரு பேஸின் ஜாதகம் சுத்தமாவதற்கு இன்னொரு பேஸ் சாக வேண்டும்.

வாசித்தவர்கள் எப்படி வைத்திருந்தார்கள் என்று பாருங்கள். டெட்ராய்ட்டில் மோட்டவுன் என்ற இசைத்தட்டுக் கம்பெனியின் பல பாட்டுகளுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், 1962 பிரிசிஷனில் ஃபிளாட்வுண்ட் கம்பியை மாற்றவே மாட்டார் என்பது பிரசித்தம். ஜாஸ் இசைக்காரர் ஜாக்கோ பாஸ்டோரியஸின் 1962 ஜாஸ் பேஸில் ஃப்ரெட்டுகளையெல்லாம் பிடுங்கி, பள்ளத்தை நிரப்பி, மேலே படகுக்குப் பூசும் எபாக்ஸியைப் பூசியிருந்தது. இன்றைய சேகரிப்பாளர் பாஷையில் அது நாசமாக்கப்பட்ட பேஸ், என் கோட்டின்படியும் தப்புதான், ஆனால் அந்தச் சத்தத்தின் முன்னால் நான் வாயை மூடிக்கொள்வேன். பீட்டில்ஸ் பால் மெக்கார்ட்னி 1961இல் ஹாம்பர்க்கில் வாங்கிய ஹோஃப்னர் வயலின் பேஸ் 1972இல் லண்டனில் திருடுபோய், அவரிடம் திரும்ப வந்த செய்தி 2024 பிப்ரவரியில்தான் வெளியானது. வந்தபோது வாசிக்கும் நிலையில் இல்லை, ரிப்பேர் தேவைப்பட்டது. உலகத்தில் அதைவிட மியூசியத்துக்குப் பொருத்தமான பேஸ் உண்டா? அவர் அந்த டிசம்பரிலேயே லண்டன் ஓ2 மேடையில் அதை மாட்டிக்கொண்டு வாசித்தார்.

நம் ஆட்கள் பேஸ் கேட்டு வளர்ந்தவர்கள். இளையராஜாவின் எண்பதுகள் பாட்டில் அவரிடம் பேஸ் வாசித்த சசிதரனின் பேஸை மட்டும் ஹெட்போனில் பின்தொடர்ந்து பாருங்கள், அடியில் தனியாக ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். அந்தக் காலத்தில் சினிமா ரெக்கார்டிங்கிலும் கல்யாணக் கச்சேரி ஆர்கெஸ்ட்ராக்களிலும் வாசித்த பேஸ்கள் இன்று எத்தனை வீட்டுப் பரணில் கிடக்கின்றனவோ. அப்பாவுடையது, மாமாவுடையது என்று யாரிடமாவது ஒன்று இருந்தால் பாலிஷ் போடாதீர்கள், உதிரிப் பாகம் எதையும் தூக்கிப் போடாதீர்கள், கம்பி மாட்டியிருந்தால் கொஞ்சம் தளர்த்தி வையுங்கள். முதுகுப் பக்கம் சின்ன மூடி இருந்தால் திறந்து பாருங்கள். 1976இல் மியூசிக் மேன் ஸ்டிங்ரே வந்த பிறகு பல பேஸ்களில் உள்ளே சிக்னலைப் பெருக்கும் ப்ரீஆம்பும் 9 வோல்ட் பேட்டரியும் வைக்க ஆரம்பித்தார்கள். அந்தப் பேட்டரி இன்னும் உள்ளேயே இருந்தால் முதலில் அதை எடுத்து வெளியே வைத்துவிடுங்கள். கசிந்தால் சர்க்யூட்டையே அரித்துவிடும், மற்ற வேலையை நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்.