ஏழாம் நம்பர் மலை ஏன் சிவப்பாக இருந்தது?

நான் வேலை செய்யும் பெருந்தோட்டக் கம்பனியில் மாதாந்தக் கூட்டம், கணக்குகளைப் படமாகக் காட்டும் பவர் பிஐ மென்பொருளின் திரையை முன்னால் வைத்துக்கொண்டுதான் நடக்கும். கொழுந்து பறிக்கும் ஓர் ஆளுக்கு நாளொன்றுக்குச் சராசரி எத்தனை கிலோ, ஒரு கிலோ தேயிலைக்கு உற்பத்திச் செலவு எவ்வளவு, கொழும்பு ஏலத்தில் என்ன விலை போனது, எல்லாம் அதில் வரும். மலை என்றால் எங்கள் பேச்சில் தோட்டத்தின் ஒரு தேயிலைப் பகுதி. இலக்கைத் தொடாத மலைக்குச் சிவப்பு நிறம். போன வருஷம் ஒரு டிவிஷனின் (தோட்டப் பிரிவின்) ஏழாம் நம்பர் மலை மாதக்கணக்காகச் சிவப்பிலேயே கிடந்தது. "அங்கே ஆட்கள் ஒழுங்காக வேலை செய்வதில்லை" என்றார் ஒருவர். அந்த மலைக்குக் கண்டிப்பைக் கூட்டலாம் என்கிற வரைக்கும் பேச்சுப் போய்விட்டது.

அந்தத் திரையைச் செய்தவன் நான். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்து வளர்ந்தவனும்கூட. அம்மா முப்பது வருஷம் கூடை சுமந்தவர். கிலோ குறைந்து அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம், விழுந்த நாட்களில் அவர் வீட்டுக்கு வந்து யாரோடும் பேசாமல் அடுப்படியில் உட்கார்ந்திருப்பார். அதனால் அந்தச் சிவப்பை அப்படியே விட்டுவிட்டு வர எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் டிவிஷன்களில் இப்போது டிஜிட்டல் தராசு. ஆளின் இலக்கம், கிலோ, எடை போட்ட நேரம் மூன்றும் பதிவாகின்றன. திரைக்கு நான் கிலோவை மட்டும்தான் எடுத்திருந்தேன். நேரத்தை யாரும் கேட்கவில்லை. அன்றிரவு அதையும் சேர்த்துப் பார்த்தேன். மற்ற மலைகளில் இருபது நிமிடத்தில் எல்லாரும் எடை போட்டு முடித்துவிடுகிறார்கள். ஏழாம் நம்பரில் முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் இடையில் ஒன்றேகால் மணி நேரம்!

மறுநாள் நேரில் போனேன். குறுக்குப் பாதை மழையில் சரிந்து மாதக்கணக்காகிவிட்டது. கூடையோடு மலையைச் சுற்றித்தான் நடக்க வேண்டும். "பாதி நேரம் நடக்கிறதுலயே போகுது தம்பி. கை வேகமாத்தான் இருக்கு" என்றார் ஒரு அக்கா. அந்த நேரக் கணக்கைக் காட்டியதும் பாதையைத் திருத்தக் காசு ஒதுக்கினார்கள். இரண்டே மாதத்தில் ஏழாம் நம்பர் பச்சைக்கு வந்தது. ஆட்கள் அதே ஆட்கள்தான்.

இந்தக் கருவிகள் நமக்கு வேண்டும் என்றே நான் நினைக்கிறேன். கண்டிப்பு வருமா பாதை வருமா என்பதை அன்றைக்குத் தீர்மானித்தது தரவுதான். ஆனால் கேள்வி கேட்பவர் யார் என்பதைப் பொறுத்தே அது பதில் சொல்லும். 1958இல் ஐபிஎம் கணினி நிறுவனத்தில் இருந்த ஹான்ஸ் பீட்டர் லூன் 'பிசினஸ் இன்டெலிஜென்ஸ்' (பிஐ) முறை என்று எழுதியபோது, ஒரு நிறுவனத்துக்குள் தகவல் தேவைப்படுகிற ஒவ்வோர் இடத்துக்கும் அது தானாகப் போய்ச் சேர வேண்டும் என்பதையே அதன் வேலையாக வைத்தார். நம்மிடம் தகவல் மலையிலிருந்து கொழும்புக்கு ஏறிப் போகிறது. திரும்பி இறங்குவதில்லை.

நிறங்களை நம்புகிறவர்களுக்கு இன்னொன்று. 2021இல் இலங்கையில் இரசாயன உரத்தைத் தடை செய்தார்கள். அந்த வருஷம் ஏறக்குறைய 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022இல் 25 கோடி அளவுக்கு விழுந்தது. 2023இல் கொஞ்சம்தான் ஏறியது. போன வருஷத்தோடு மட்டும் ஒப்பிடுகிற திரை 2023க்குப் பச்சை அம்பு போடும். பார்ப்பவர் நிலைமை சீராகிவிட்டதென்று எழுந்து போய்விடுவார். குறைந்தது ஐந்து வருஷப் போக்கைக் காட்டும் ஒரு கோடாவது பக்கத்தில் வையுங்கள்.

அப்புறம், கழிவு. கூடைக்கும் ஈரத்துக்கும் என்று நிறுக்கும்போதே சில கிலோவைக் கழித்துவிடுகிறார்கள். நல்ல வெயில் நாளிலும் அதே கழிவு விழுவதை நான் பார்த்திருக்கிறேன். திரையில் வருவதோ கழித்த பிறகு மிஞ்சிய கிலோ. கழித்ததற்கு அதில் இடமே கிடையாது. நாள் சம்பளம் 2021இல் 1000 ரூபாவாகவும் 2024இல் 1350 ரூபாவாகவும் உயர்ந்த பிறகு கிலோ கேட்பது இன்னும் இறுக்கமாகிவிட்டது. அந்தச் சில கிலோதான் சிலருக்கு முழுப் பேருக்கும் அரைப் பேருக்கும் இடையிலான வித்தியாசம். பறித்தது, கழித்தது, மிஞ்சியது மூன்றையும் காட்ட ஐந்து நிமிட வேலை போதும். தோட்டக் கணக்கில் இருக்கும் தம்பி தங்கைகளே, யாரும் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள், இப்போதே போடுங்கள்.

போன மாதம் அனுமதி வாங்கி, ஏழாம் நம்பரின் கணக்கைத் தமிழில் ஒரே தாளில் அச்சடித்து, காலையில் ஆட்கள் கூடும் பெரட்டுக் களத்தில் ஒட்டினேன். முதல் நாளே ஒரு அக்கா ஒரு திகதியில் விரலை வைத்தார். "அன்னிக்கு நாங்க இந்த மலைக்கே போகலையே, மழைன்னு கீழ் மலைக்கு மாத்துனாங்களே" என்றார். பதிவைத் தேடிப் பார்த்தேன். மலை நம்பர்தான் மாறி ஏறியிருந்தது. அன்றைக்கே திருத்தினேன்.