அடுத்த மாதமும் நமக்கு நேரம் இருக்காது

நேரத்தைப் பற்றிப் பேச்சு வந்தாலே எல்லோரும் கைப்பேசியைத்தான் திட்டுகிறார்கள். திட்டட்டும், அதற்கு வேண்டியதுதான். ஆனால் நம் நேரத்தை அதிகம் தின்பது ரீல்ஸ் இல்லை, நாமே வாய்திறந்து சரி என்று ஒப்புக்கொண்ட காரியங்கள்தான் என்பது என் கட்சி.

ஒருவர் போன் செய்கிறார். "அடுத்த மாசம் கடைசி சனிக்கிழமை ஒரு சின்னக் கூட்டம். நீங்க வந்து ரெண்டு வார்த்தை பேசணும்." காலண்டரைப் புரட்டினால் அந்தக் கட்டம் காலியாக இருக்கிறது. சரி என்றுவிடுகிறோம். அதே கூட்டம் நாளைக்கு என்றால் ஆயிரம் வேலை சொல்லி நழுவியிருப்போம். இந்தச் சனிக்கிழமையை நிரப்பிய அத்தனை வேலைகளும் அந்தச் சனிக்கிழமைக்கும் வந்து சேரும். இன்னும் வரவில்லை, அவ்வளவுதான்.

கேல் ஸாபர்மன், ஜான் லிஞ்ச் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2005-ல் இதைப் பற்றி எழுதினார்கள். பிற்காலத்தில் கையில் பணம் தாராளமாக மிஞ்சும் என்று மனிதர்கள் அவ்வளவாக நம்புவதில்லை. நேரம் மட்டும் மிஞ்சும் என்று நம்புகிறார்கள். கடன் வாங்க யோசிக்கிற அதே ஆள், வாரக்கடைசியை யாருக்கு வேண்டுமானாலும் எழுதிக்கொடுத்துவிடுவார்.

சரி என்ற பிறகு இன்னொரு சிக்கல். "அரை மணி நேரம்தான்" என்று வந்த வேலை ஒருநாளும் அரை மணியில் முடியாது. முதலில் ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பிப்பார்கள். (குழு ஆரம்பித்தாலே கதை கந்தல்.) அதில் தேதி மாறும், அழைப்பிதழில் பெயர் தப்பாக வரும், யாரோ கோபித்துக்கொண்டு வெளியேறுவார்கள், அவரைச் சமாதானப்படுத்தும் பொறுப்பு நம் தலையில் விழும். 1994-ல் வெளியான ஓர் ஆய்வில், ஆய்வேடு எழுதும் மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே சொதப்பினால்? 49 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது 55 நாளுக்கும் மேல். சொந்த வேலைக்கே இந்தக் கணக்கு என்றால், அடுத்தவர் இழுத்துவிட்ட வேலையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

வாரத்துக்கு 168 மணி நேரம். தூக்கத்துக்கு 56 போகட்டும். வேலை, போக்குவரத்து, சமையல், துணி, குளியல் எல்லாம் கழித்தால் மிஞ்சுவது சிலருக்கு இருபது, முப்பது மணி. சின்னக் குழந்தையோ நோயாளியோ வீட்டில் இருந்தால் அதுவும் கிடையாது. அவர்களிடம் போய் விடிகாலையில் எழுந்திரு, திட்டமிடு என்று உபதேசம் செய்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

அதனால் எதற்கும் ஒப்புக்கொள்ளும் முன் ஒரே ஒரு கேள்வி: இது நாளைக் காலையே என்றால் போவேனா? போவேன் என்றால் தாராளமாகச் சரி சொல்லலாம். நண்பன் வீடு மாறுகிறான், சாமான் தூக்க ஆள் வேண்டும் என்றால் அந்தக் கேள்விகூடத் தேவையில்லை.

மறுப்பதானால் அன்றைக்கே மறுத்துவிடுங்கள். "பார்க்கிறேன்" என்று இழுத்துவிட்டுக் கடைசி நேரத்தில் போனை எடுக்காமல் இருப்பதை நாம் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். இன்றைக்கே முடியாது என்று தெரிந்தால் அவர் இன்னொருவரைக் கேட்டுவிடுவார். பெரும்பாலும் அந்த இன்னொருவர் நம்மைவிட நன்றாகவே பேசுவார்.