ஊருக்குள் ஓட்ட டீசல் ஹேட்ச்பேக்தான் மலிவா?

"டீசலுக்கு மைலேஜ் அதிகம், அதனால் நகரத்துக்குள் ஓட்டவும் அதுதான் லாபம்" என்று ஒரு தகவல் சுற்றுகிறது. முதல் பாதி சரி, இரண்டாவது பாதி பெரும்பாலும் தவறு.

ஒரு கணக்குப் போடுவோம். தினமும் 20 கிலோமீட்டர் ஓடினால் மாதம் 600. பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 15, டீசல் 20 தருகிறது என்று வைத்துக்கொண்டால் மாதம் 40 லிட்டருக்குப் பதில் 30, அதாவது ஐந்து வருடத்தில் மிச்சமாவது 600 லிட்டர். டீசல் வண்டி வாங்கக் கூடுதலாகக் கொடுக்கும் தொகையை ஒரு லிட்டர் விலையால் வகுத்துப் பாருங்கள், பெட்ரோலும் டீசலும் ஒரே விலை என்று வைத்துக்கொண்டால், 600-ஐத் தாண்டினால் ஐந்து வருடம் ஓட்டியும் போட்ட காசு திரும்பாது.

இதைவிட என்னை உறுத்துவது வேறு. இப்போதைய டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது, சேர்ந்த கரி தானாக எரிய சுமார் 600 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும், மூன்று கிலோமீட்டர் போய் நிறுத்தும் வண்டியில் அந்தச் சூடு வரவே வராது. கரி அடைத்து டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியும், அப்புறம் வடிகட்டியை மாற்றச் சொன்னால் மிச்சம் பிடித்ததெல்லாம் அதிலேயே போய்விடும்.

தினமும் நெடுஞ்சாலையில் நீண்ட தூரம் போகிறவர்களுக்கு டீசல் தாராளமாகப் பொருந்தும். கடைக்கும் பள்ளிக்கும் போய்வர சின்ன பெட்ரோல் வண்டியே போதும்.